ஒரு கிட்டார், இரண்டு பிக்கப்: ப்ரீஆம்ப் கேள்வி பதில்

கே: என் அக்கூஸ்டிக் கிட்டாரில் சேடிலுக்கு (கம்பிகள் உட்காரும் பட்டை) அடியில் பீசோ (அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்), உள்ளே ஒரு சின்ன மைக். எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?

ப: ப்ரீஆம்ப் என்பது பிக்கப்பின் மெல்லிய சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி தயார் செய்யும் சாதனம். பிராண்டை அப்புறம் பார்ப்போம், முதலில் கிட்டாரில் ஒயர் செருகும் ஜாக்கைப் பாருங்கள். ஸ்டீரியோ ஜாக் என்றால் பிளக்கின் நுனியில் ஒரு பிக்கப், வளையத்தில் இன்னொன்று. அதில் மோனோ ஒயரைச் செருகினால் வளையம் கிரவுண்டோடு ஒட்டி, ஒரு பிக்கப் ஊமையாகிவிடும். ஒருவர் மைக் செத்துப்போச்சு என்று கிட்டாரையே தூக்கி வந்தார். ஒயரை மாற்றினேன், பேசியது. அடுத்து, உள்ளே இருப்பது எலெக்ட்ரெட் வகை மைக் என்றால் அதற்குச் சில வோல்ட் வேண்டும். கிட்டாருக்குள் பேட்டரி இல்லையென்றால் ப்ரீஆம்ப்தான் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மிக்ஸர் மைக் ஒயர் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை அந்த மைக்கின் தலையில் நேராக ஏற்றாதீர்கள்!

கே: இரண்டையும் ஒய் ஒயரில் சேர்த்து ஒரே சேனலில் விடலாமா?

ப: வேண்டாம். ஒன்றின் சுமை மற்றதன்மேல் ஏறும்.

கே: ப்ரீஆம்ப் வெட்டிச் செலவு. சின்ன மிக்ஸரில் இரண்டு சேனல் போதாதா?

ப: கணக்குப் போடுவோம். பீசோ ஒரு கபாசிட்டர் மாதிரி. அது 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருகும் இன்புட்டின் மின்தடை 10 மெகாஓம் என்றால் சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் சத்தம் குறையத் தொடங்கும். 1 மெகாஓம் என்றால் 160. கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அங்கேயே கொஞ்சம் இழப்பு. மிக்ஸரின் லைன் இன்புட் 10 கிலோஓம் அளவில் இருந்தால்? 16,000! மிஞ்சுவது தகரச் சத்தம்.

கே: நான் பத்து வருஷமாக சர்ச்சில் மிக்ஸரில்தான் வாசிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ப: கிட்டாருக்குள் பேட்டரி உண்டா?

கே: உண்டு, 9 வோல்ட்.

ப: அந்தப் பேட்டரி ஓட்டுவதுதான் ப்ரீஆம்ப், அண்ணே! அப்படிப்பட்ட கிட்டாருக்கு மிக்ஸர் போதும், ஒத்துக்கொள்கிறேன். முதலில் கேட்டவர் தன் கிட்டாரில் அது இருப்பதாகச் சொல்லவில்லையே.

கே: கலக்கும்போது எது தூக்கலாக இருக்க வேண்டும்?

ப: மேடையில் பீசோ. மைக்கைக் கிட்டாரின் இயல்பான ஓசைக்காக மட்டும் கொஞ்சம். மைக்கின் லோவை (தாழ்ந்த ஒலிகளை) 200 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டுங்கள், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பி வந்து ஊளையிடுவது குறையும். இரண்டும் சேர்ந்தபின் சத்தம் மெலிந்தால் ஈக்யூவைத் திருகாதீர்கள். ஒரு சேனலின் ஃபேஸ் பொத்தானை (சிக்னலைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் இல்லாத ப்ரீஆம்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கே: பிராண்டு சொல்லுங்களேன்.

ப: இரண்டு சேனல் வேண்டுமென்றால் ஹெட்வே இடிபி-2, இன்னும் செலவழிக்கத் தயார் என்றால் கிரேஸ் டிசைன் ஃபெலிக்ஸ். ஜாக்கைப் பார்த்தீர்களா?

கே: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த ஆம்ப்?

ப: வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: என்னிடமும் பீசோவும் மைக்கும் இருக்கின்றன. எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?

ப: முதல் பதில்.