எரித்திரியாவில் பெண்களுக்கும் கட்டாய இராணுவச் சேவை இருப்பது சமத்துவமா?

"ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம் என்றால் அது சமத்துவம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் என்னிடமும், 2004இல் தொடங்கிய நம் தேசிய சேவைப் பயிற்சியை மனத்தில் வைத்து, இதே கேள்வியைக் கேட்பார்கள். அது தொடக்கத்தில் மூன்றே மாதப் பயிற்சியாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் நிலை அதுவன்று.

அங்கே 1995ஆம் ஆண்டுப் பிரகடனம் 18 வயதான இருபாலரையும் 18 மாதச் சேவைக்கு அழைக்கிறது. ஆனால் 1998இல் எத்தியோப்பியாவுடன் போர் மூண்டபின் அந்த வரம்பு ஏட்டளவில் நின்றுவிட்டது; சேவை முடிவின்றி நீள்கிறது. பள்ளியின் இறுதி ஆண்டையே சாவா இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். மணமானவர்களுக்கும் தாய்மாருக்கும் பெரும்பாலும் விலக்கு கிடைப்பதால், அந்த முகாமுக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்திவிட்டு இளவயதிலேயே மணம் முடிக்கும் பெண்கள் பலர். போனவர்களோ, அதிகாரிகளின் பாலியல் வன்முறைக்கு ஆளானால் முறையிடச் சுதந்திரமான நீதிமன்றமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. 1993 முதல் இசயாஸ் அஃபவெர்க்கியே அதிபர். தேசியத் தேர்தல் நடந்ததே இல்லை. இதை எப்படிச் சமத்துவம் என்பது? 2016இல் ஐ.நா. விசாரணை ஆணையம் இந்தச் சேவையை அடிமைப்படுத்தல் என்றே குறிப்பிட்டது.

பெண்கள் ஆயுதம் ஏந்துவதை நான் குறை சொல்லவில்லை. 1943இல் நம் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குச் சென்ற பெண்களைப் போலவே, எத்தியோப்பியாவிடமிருந்து விடுபட எரித்திரியா நடத்திய விடுதலைப் போரிலும் பெண்கள் தாமாக முன்வந்து போரிட்டார்கள். போராளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். அவர்களுடைய மகள்களைத்தான் இன்று அந்த அரசு விடுவிக்க மறுக்கிறது.