பதில்: வீடியோ புரிகிறது, கணக்கு வரவில்லை

வணக்கம் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பாடநூலின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வட்டம் பற்றிய வீடியோக்களைக் காட்டுகிறீர்கள், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், தேர்வில் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் இரண்டு வருடம் இதே கவலைதான்.

பிள்ளை யோசிக்க வேண்டிய இடத்தில் வீடியோ தானே விடையைச் சொல்லிவிடுகிறது. அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, போனில் ஜியோஜீப்ரா என்ற, வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் கணித ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இலவசம்தான், அப்புறம் சிக்னல் இல்லாமலும் ஓடும்.

வட்டம், அதில் ஒரு விட்டம். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியோடு இணைத்து, அங்கே கோண அளவு தெரியும்படி வையுங்கள். புள்ளியை நகர்த்தினால் கோணம் கூடுமா, குறையுமா? எல்லோரும் நோட்டில் எழுதிய பிறகே நகர்த்துங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என் வகுப்பில் பாதிப் பேர் "கூடும்" என்று எழுதினார்கள். கோணம் 90ஐ விட்டு அசையவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, புள்ளியை விட்டத்தின் முனையருகே வரை இழுத்துப் பார்த்துவிட்டு "ஏன் சார்?" என்றாள். அதன் பிறகுதான் சாக்பீஸை எடுத்தேன். மையத்திலிருந்து புள்ளிக்கு ஒரு கோடு, இரண்டு இருசமபக்க முக்கோணங்கள், நிரூபணம் முடிந்தது.

ஒரே போன் என்றால் குழுக்களாகப் பிரியுங்கள். மற்றவர்கள் காம்பஸ், பாகைமானி வைத்து வரையட்டும். 89, 91 என்று வரும், ஏன் என்று அவர்களையே பேசவிடுங்கள். வீடியோவைத் திருப்புதல் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.