மாணவர் தயாரிப்பு, மாணவர் விற்பனை: கேள்வி பதில்

வணக்கம். பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். மாணவர்கள் தாங்களே ஒரு பொருளை யோசித்து, செய்து, விற்று, கணக்குக் காட்டும் திட்டத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அதில் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள், எங்கே கற்காமல் போகிறார்கள் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். "என்ன பொருள் செய்யலாம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடத்தில் பாதி.

ஏழாம் வகுப்பு ஆசிரியை: சார், "இதனால் என்ன திறன் வளரும்?" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார் தலைமையாசிரியர். தலைமைப் பண்பு, குழு உணர்வு, தன்னம்பிக்கை என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

பதில்: இந்த மூன்றையும் விளையாட்டு விழாவுக்கும் எழுதலாம், ஆண்டு விழா நாடகத்துக்கும் எழுதலாம். இந்தத் திட்டத்தில் மட்டும் கிடைப்பதை எழுதுங்கள். அடுத்தவருக்கு என்ன தேவை என்று ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வது. மாதிரி ஒன்றைச் செய்து, அதைப் பிறர் குறை சொல்லக் கேட்டு, திருத்துவது. அடக்க விலையைக் கணக்கிட்டு விற்பனை விலைக்கு வருவது. முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், சிணுங்காமல் "ஏன்?" என்று கேட்பது. கடைசியில் சொன்னதுதான் வகுப்பறையில் வேறு எந்த வழியிலும் வராது.

தலைமையாசிரியருக்கு ஆதாரம் வேண்டுமென்றால், ஐரோப்பிய ஆணையம் 2016இல் வெளியிட்ட 'என்ட்ரகாம்ப்' (EntreComp) என்ற தொழில்முனைவுத் திறன் சட்டகத்தைக் காட்டுங்கள். அதில் 15 திறன்கள் இருக்கின்றன. நிதி அறிவு, நிச்சயமில்லாத நிலையைச் சமாளிப்பது, அனுபவத்திலிருந்து கற்பது எல்லாம் தனித்தனியாக வருகின்றன. பதினைந்தையும் அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் திட்டத்தில் உண்மையிலேயே நடக்கும் நான்கைந்து போதும்.

ஒரு அப்பா: என் மகள் செய்த 20 புக்மார்க்குகளும் முதல் மணி நேரத்திலேயே விற்றுத் தீர்ந்துவிட்டன. அவளுக்கு விற்பனைத் திறமை இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: வாங்கியது யார்? நீங்கள், உங்கள் மனைவி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அவளை உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். மறுக்கக்கூடிய ஆள் வாங்கினால்தான் விற்பனை. அவளைத் தெரியாத எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். 4 பேர் என்றாலும் நல்ல எண்ணிக்கை. அந்த நால்வரைப் பற்றிப் பேசுவோம்.

பத்தாம் வகுப்பு மாணவி: சார், பழைய துணியில் பென்சில் பை செய்தோம். தையல் கூலி, ஜிப், நூல் எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 14. பதாகை, அச்சுக்கு மொத்தமாக 200. விலை 22. 25 பை விற்றாலே போட்ட பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். 40 செய்தோம், 31 விற்றோம். ஆனால் கையில் நஷ்டம். எங்கே தப்பு?

பதில்: இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.

22இல் 14 போனால் ஒரு பைக்கு 8 மிச்சம். 200ஐ 8ஆல் வகுத்தால் 25. வகுத்தல் சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: எத்தனை விற்றீர்களோ அத்தனைதான் செய்திருக்க வேண்டும். நீங்கள் 40 செய்துவிட்டீர்கள். 40க்கு 14 வீதம் 560, அதோடு 200, ஆக 760 செலவாகிவிட்டது. 31 பைக்கு வரவு 682. நஷ்டம் 78. நாற்பதையும் தைத்து முடித்த அன்றே போட்ட பணம் திரும்பும் எண்ணிக்கை 25இலிருந்து 35க்குத் தாவிவிட்டது. 760ஐ 22ஆல் வகுத்துப் பாருங்கள், 34 விற்றாலும் பற்றாது.

உங்கள் நஷ்டம் முழுவதும் அந்த விற்காத 9 பைக்குள் இருக்கிறது. 9க்கு 14 வீதம் 126. விற்ற 31ஐ மட்டும் செய்திருந்தால் 48 லாபம். 48க்கும் 78க்கும் நடுவில் இருப்பது சரியாக அந்த 126தான்.

அடுத்த முறை 5 மாதிரி மட்டும் செய்யுங்கள். அவற்றைக் காட்டி, பெயர் எழுதி, முன்பணம் வாங்குங்கள். வந்த எண்ணிக்கைக்கு மேல் நாலைந்து கூடுதலாகத் தையுங்கள், போதும். அப்புறம், துணியை வெட்டி, ஒட்டி, பொத்தான் வைத்த உங்கள் நேரத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்? ஒரு பைக்கு அரை மணி என்றால் 40 பைக்கு 20 மணி நேரம். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள், பணமாகக் கைக்கு வராவிட்டாலும். மாணவர் கணக்குகளில் எப்போதும் விடுபடுவது இந்த வரிதான்.

பெயர் சொல்லாத ஒருவர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன பொருள் செய்யலாம்?

பதில்: முதல் பத்தி.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: சார், செய்யும் முன்பே வகுப்பில் கேட்டோம். 40 பேர் "வாங்குவேன்" என்று கை தூக்கினார்கள். அன்றைக்கு வாங்கியது 6 பேர். ஏமாற்றிவிட்டார்கள்!

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, தம்பி. நண்பன் கேட்டால் கை தூக்குவது மரியாதை, அதற்குக் காசு செலவில்லை. "வாங்குவாயா?" என்று கேட்காதீர்கள். "போன மாதம் இதுபோல ஏதாவது வாங்கினாயா? எவ்வளவு கொடுத்தாய்? அதில் உனக்கு எரிச்சலாக இருந்தது எது?" என்று கேளுங்கள். நடந்ததைப் பற்றிக் கேட்டால் நிஜம் வரும், நடக்கப் போவதைப் பற்றிக் கேட்டால் வாழ்த்துதான் வரும்.

இன்னொன்று. நாமே செய்த பொருள் நம் கண்ணுக்கு எப்போதும் அழகாகத்தான் தெரியும். நார்ட்டன், மோச்சன், ஆரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் இதை எழுதினார்கள். காகிதம் மடித்து உருவம் செய்தவர்கள், அதைச் செய்யாத மற்றவர்களைவிடப் பல மடங்கு விலை தங்கள் உருவத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதனால் விலையை நீங்களே முடிவு செய்யுமுன் பொருளைச் செய்யாத நாலு பேரிடம் கேளுங்கள்.

ஒரு அம்மா: என் மகன் யாரிடமும் பேசவே மாட்டான். அவனைப் போய் மேசைக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். கொடுமையாக இல்லையா?

பதில்: நாள் முழுக்க நிறுத்தினால் கொடுமை. அரை மணி நேரம், பக்கத்தில் ஒரு தோழனோடு என்றால் நல்ல பயிற்சி. பேச்சு வராத பிள்ளைக்கு விற்பனையில் ஒரு வசதி உண்டு: பேச வேண்டியது என்ன என்று முன்பே தெரியும். இது என்ன, எதற்குப் பயன்படும், விலை என்ன. மூன்று வரி. பொருளைக் கையில் எடுத்துக் காட்டிக்கொண்டே சொல்லலாம், எதிரில் இருப்பவரும் அதைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கூச்சமுள்ள பிள்ளைகள் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். வாங்காமல் போனவர் என்ன சொன்னார் என்று எழுதி வைப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அவனைக் கணக்கு மூலையிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிடாதீர்கள்.

தொழில் நடத்தும் ஒருவர்: ஐயா, இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? அதிக லாபம் எடுத்த குழுவுக்குப் பரிசு, முடிந்தது கதை. வெளியுலகில் முயற்சிக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

பதில்: அப்படிப் பரிசு வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? மொத்தக் கடையில் வாங்கி, ஸ்டிக்கர் மாற்றி ஒட்டி விற்கிற குழு ஜெயிக்கும். துணியும் தையல் இயந்திரமும் வீட்டில் இருக்கிற பிள்ளை அதைச் செலவில் காட்டாது, அதுவும் ஜெயிக்கும். மாமாக்கள் அதிகம் உள்ள குழு நிச்சயம் ஜெயிக்கும். நீங்கள் அளப்பது வீட்டின் வசதியை.

அவரே: அதற்கு வழி இருக்கிறதே. எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு முதல் கொடுங்கள். வீட்டிலிருந்து வருகிற பொருளுக்கும் விலை போடுங்கள்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். பள்ளியே சம அளவு கடன் கொடுத்து, விற்ற பின் திரும்ப வாங்குவது நல்ல முறை, செய்ய வேண்டியதும்கூட. ஆனாலும் ஒரே நாள் விற்பனையில் மழை வந்தது, மேசை வாசலுக்கு அருகில் அமைந்தது என்பதெல்லாம் லாபத்தைப் புரட்டிப் போடும். நஷ்டப்பட்ட குழு காரணத்தைச் சரியாக எழுதினால், காரணம் தெரியாமல் லாபம் பார்த்த குழுவைவிட அதிக மதிப்பெண் போடுவேன்.

ஆய்வு மாணவர் ஒருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதனால் திறனே வளரவில்லை என்று நெதர்லாந்தில் ஓர் ஆய்வு சொல்கிறதே. அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

பதில்: யாராவது கேட்கட்டும் என்றிருந்தேன். ஊஸ்டர்பேக் குழுவினர் 2010இல் வெளியிட்டது. ஜூனியர் அச்சீவ்மென்ட்டின் மாணவர் நிறுவனத் திட்டத்தைத் தொழிற்கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். அந்த அமைப்பு 1919இல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தத் துறையில் பழையது. முடிவு: மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன திறன் அளவில் மாற்றம் இல்லை. தொழில் தொடங்கும் ஆசை குறைந்தேவிட்டது. தொழில் என்றால் என்ன, தம்மால் என்ன முடியும் என்று நிஜமாகத் தெரிந்ததால் ஆசை குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒரு விளக்கமும் சொல்கிறார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை.

அதே நாட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் ஹூபர் குழுவினர் செய்த ஆய்வு 2014இல் வந்தது. அங்கே விடாமுயற்சி, தன்மீதான நம்பிக்கை, படைப்பாற்றல் போன்றவை வளர்ந்தன, தொழிலறிவு வளரவில்லை. ஆக, சிறுவயதில் செய்தால் பலன் அதிகம் என்பது என் ஊகம். இரண்டு ஆய்வை வைத்துச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

தொழில் நடத்துபவர்: ஸ்வீடன் ஆய்வையும் சொல்லுங்கள். இத்திட்டத்தில் இருந்தவர்கள் பிற்காலத்தில் அதிகம் தொழில் தொடங்கினார்கள், தொழிலில் வந்த வருமானமும் கூடியது. லாபம்தான் அளவுகோல் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

பதில்: எலர்ட் குழுவினரின் 2015 ஆய்வு. நீங்கள் சொன்னது சரி, மீதியையும் சொல்கிறேன். தொடங்கிய தொழில் நீடித்து நிற்பதில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அந்த மாணவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். ஆய்வாளர்கள் ஒத்த பின்னணி உள்ள மற்றவர்களோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் மனதுக்குள் இருந்த ஆசையை எப்படிப் பொருத்துவது? முக்கியமாக, லாபத்துக்குப் பரிசு வைக்கலாமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. அதை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள்.

இன்னொரு அம்மா: நீங்கள் எல்லாரும் லாபம் லாபம் என்கிறீர்கள். ஆசையாகக் கைவேலை செய்த பிள்ளை இனி காசு வந்தால்தான் செய்வேன் என்று ஆகிவிடாதா?

பதில்: நியாயமான பயம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. விற்பனையும் சான்றிதழும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் "ஜெயித்தால் பரிசு" என்று முதல் நாளே அறிவிப்பதை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசைக்குச் செய்வது வேறு, விற்கச் செய்வது வேறு என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரைய ஆசைப்படுகிற குழந்தையின் ஓவிய நோட்டை விற்பனை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

பரிசுச் சண்டை போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்: சுலபமாக விற்கக்கூடிய பொருள் ஏதாவது சொல்லுங்கள் சார்.

பதில்: மாட்டேன்.

எட்டாம் வகுப்பு மாணவி: ஐந்து பேர் குழு. நான் மட்டும்தான் வேலை செய்தேன். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்.

பதில்: உன் ஆசிரியரிடம் இதைக் காட்டு. சார், மேடம், யாராக இருந்தாலும்: வாங்குவது, செய்வது, விற்பது, கணக்கு எழுதுவது என்று வேலையைப் பிரித்து, பாதியில் மாற்றிக் கொடுங்கள். கடைசியில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: விலை எப்படி வந்தது, வாங்காதவர் என்ன சொன்னார். வேலை செய்யாதவர் இரண்டாவதில் திணறுவார்.

ஒரு மாணவன்: லோகோ எந்த நிறத்தில் வைப்பது?

பதில்: பொருள் எங்கே?

ஒரு மாணவி: பிரபலமான கார்ட்டூன் பாத்திரம் போட்ட சாவிக்கொத்து நன்றாக விற்கும். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பாத்திரம் வேறொருவருக்குச் சொந்தம், பதிப்புரிமை உண்டு. நீயே ஒன்று வரை.

ஒரு பெற்றோர்: இணையத்தில் விற்க அனுமதி, வரி எல்லாம் எப்படி?

பதில்: என் துறை இல்லை. பள்ளி அலுவலகத்தையும் ஒரு கணக்காளரையும் கேளுங்கள். பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்குமுன் அந்தத் தளத்தின் வயது வரம்பைப் படியுங்கள். தெரியாதவர் வாங்க வேண்டும் என்று நான் சொன்னது பள்ளி வளாகத்துக்குள், ஆசிரியர் பார்வையில் நடப்பதைத்தான்.

ஒரு மாமா: எங்கள் பையன் செய்ததில் பாதி நின்றுவிட்டது. நாங்களே வாங்கிக்கொண்டால் அவன் சந்தோஷப்படுவான்.

பதில்: விற்பனை முடியும்வரை மேசைப் பக்கமே போகாதீர்கள். முடிந்த பிறகு வேண்டுமானால் ஒன்று வாங்குங்கள், அதைக் கணக்கில் "உறவினர்" என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

பென்சில் பை மாணவி: சார், மிச்சமுள்ள 9 பையை 10க்குக் கொடுத்தால் அடக்க விலைக்கும் கீழே போகிறதே. கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த 14 ஏற்கெனவே போய்விட்டது. பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் திரும்பி வராது. இப்போது 10 வருமா, ஒன்றுமே வராதா என்பதுதான் கேள்வி. ஒன்பதும் போனால் 90, உங்கள் 78 நஷ்டம் அடைபட்டு 12 மிச்சம். ஆனால் 22 கொடுத்து வாங்கிய 31 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் முதல் நாள் யாரும் வாங்காமல் விலை இறங்கக் காத்திருக்கலாம். அதனால் தனிப் பையின் விலையைக் குறைக்காமல், இரண்டு பை சேர்த்து 30 என்று கொடுத்துப் பாருங்கள். 8 பை போனாலே 120. ஒன்பதாவதை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 22க்கு விற்றதையும் ஜோடியாக விற்றதையும் தனித்தனி வரியில் எழுதுங்கள், கூட்டிச் சராசரி போட்டுவிடாதீர்கள்.