முகாமில் பிறந்தவர் குடியுரிமைக்கு மனுப் போடலாமா?

கேள்வி: பெற்றோர் 1984-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1987 மார்ச்சில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தேன். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் இங்கேதான். இன்றும் அகதி என்றே நடத்துகிறார்கள். போன இடமெல்லாம் அவமானம். 1991-ல் பிறந்த தங்கையும் நானும் சேர்ந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? இலங்கை பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போய்விடு என்கிறார் மைத்துனர்.

பதில்: எத்தனை வருடம் இருந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்கள் வழக்குக்கு உதவாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தீர்களா? ஆம் என்றால், 1955 குடியுரிமைச் சட்டம் 3-வது பிரிவின்படி நீங்கள் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் எந்த நாட்டவர், எப்படி வந்தார்கள் என்று அங்கே கேள்வி இல்லை. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் இதை வைத்துத்தான்.

ஆகவே குடியுரிமை மனுப் போடாதீர்கள். அந்தப் படிவத்தில் இன்ன நாட்டவர் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாளை பாஸ்போர்ட் வழக்கில் அதே தாளை எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பாஸ்போர்ட்; மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

வழக்கு கவிழ்வது பெரும்பாலும் தேதியில். பள்ளியில் சேர்க்கும்போது வயதுக்கு ஏற்ப ஏதோ ஒரு ஜூன் மாதத்தை எழுதியிருப்பார்கள். டி.சி.யில் 1988 என்று இருந்தால் நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். முகாம் குடும்ப அட்டையில் மூன்றாவது தேதி இருக்கும். வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் சட்டப்படி உங்களுடையதே. பிறப்பு பதிவாகாமல் இருந்தால், பதிவு இல்லை என்ற சான்றும் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலும் வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) உத்தரவு பெற்றுத் தாமதப் பதிவு செய்யுங்கள். எல்லாத் தாளும் ஒரே தேதியைச் சொன்ன பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். ஆதாரும் வாக்காளர் அட்டையும் குடியுரிமைச் சான்று ஆகாது. பொய் முகவரி கொடுத்து வாங்கினால் தனியாக ஒரு கிரிமினல் வழக்கு சேரும்.

மைத்துனர் யோசனை இதைவிட மோசம். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் 9-வது பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டே அதற்கு முடிவான சாட்சி. சிறுவயதில் அப்பா உங்களை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்திருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். பதிந்திருந்தால் வழக்கறிஞரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மறைத்தால் எதிர்த் தரப்பு சொல்லும்.

தங்கையை உங்கள் வழக்கில் சேர்க்காதீர்கள். 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்தவர் என்பதால், அவர் பிறந்தபோது பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும்; உங்கள் பெற்றோர் இருவருமே இந்தியர் இல்லை. சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும 2019 திருத்தத்தில் (சி.ஏ.ஏ.) இலங்கை சேரவில்லை. இந்தியரை மணந்து ஏழு வருடம் இருந்தாலும், சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால் பதிவு மூலம் குடியுரிமை கிடைக்காது. அவர் விஷயத்தில் இப்போதைக்கு வழக்கு வேண்டாம். முகாம் பதிவு விடுபடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மனைவி எங்கே, எப்போது பிறந்தவர் என்று எழுதவில்லை. குழந்தைகள் 2004 டிசம்பர் 3 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருந்தால், நீங்கள் இந்தியர் என்பது மட்டும் அவர்களுக்குப் போதாது; மனைவியின் நிலையும் பார்க்கப்படும்.