ஸ்கேனில் சுருக்கம் குறைவாக இருந்தாலும் மறதிநோய் இருக்கலாம்

குடியாத்தத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். அப்பாவின் கைகள் விறைக்கின்றன, மாலையானால் திண்ணையில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார், ஆனால் ஸ்கேனில் மூளைச் சுருக்கம் அதிகமில்லை, பிறகு எப்படி மறதிநோய் என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லா மறதிநோயும் மூளையை ஒரே விதமாகச் சுருக்குவதில்லை. அல்சைமரில் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதப் படிவுகளும் உள்ளே டௌ என்ற புரதத்தின் முடிச்சுகளும் சேரும். நினைவைக் காக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் பெரும்பாலும் முதலிலேயே சுருங்கத் தொடங்கும். லூயி உடல் நோய் என்ற இன்னொரு வகை மறதிநோயில் நரம்பணுவுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் திரளும். ஹிப்போகாம்பஸ் ஓரளவு தப்பிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எனக்கு லூயி உடல் நோயைத்தான் நினைவூட்டுகின்றன. முதியவர்களிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த உருவங்கள் மறையட்டும் என்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். லூயி உடல் நோயில் அது விறைப்பைக் கடுமையாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். வேலூருக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, அப்பா தூக்கத்தில் கத்துகிறாரா, கைகால்களை வீசுகிறாரா என்பதையும் சொல்லுங்கள், அதுவும் இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். அம்மாவைக் கேட்டால் தெரியும்.