பாட்டிக்கு ஒன்பது, எனக்கு ஒன்று

கேள்வி: என் பாட்டி ஒன்பது பெற்றார், தங்கியது ஆறு. அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். எனக்கு ஒரே மகள், சமூகவியல் படிக்கிறாள். மக்கள்தொகைப் பாடத்தில் கிங்ஸ்லி டேவிஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறதாம். அப்படி என்ன சொல்லிவிட்டார் அவர்?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 'தங்கியது ஆறு' என்று எழுதினீர்களே, டேவிஸ் பிடித்த நூல்முனையே அதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் (1908-1997). நம்முடைய சென்சஸ் கணக்குகளைக் குடைந்து 1951-இல் இந்தியா, பாகிஸ்தான் மக்கள்தொகை பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1921-க்கு அப்புறம் இங்கே ஜனத்தொகை ஏறியதற்குக் காரணம் சாவு குறைந்தது, பிறப்பு கூடியதல்ல.

சரி, பிள்ளைகள் சாகாமல் தங்கிவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? 1963-இல் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போடும், பிழைக்க வெளியூர் போகும், கருத்தடை, கருக்கலைப்பு என்று கைக்கு எட்டிய வழியெல்லாம் பார்க்கும். ஜப்பானிலும் வடமேற்கு ஐரோப்பாவிலும் அப்படித்தான் நடந்தது, அதுவும் பட்டினியால் இல்லை, நாடு முன்னேறும்போது நாம் மட்டும் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தால் என்றார். பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இது புதுசா என்ன? பக்கத்து போர்ஷன் பையன் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் மீடியம் கிளம்பிய அன்று ராத்திரியே நம் வீட்டில் ஃபீஸ் பேச்சு ஆரம்பிக்கும், ரெண்டாவது பிள்ளைப் பேச்சு அதோடு அடங்கிவிடும். காசிமேட்டில் அப்பாவோடு படகேறும் பையன் கூடுதலாக ஒரு கை, அவனே டிப்ளமோவில் சேர்ந்தால் செலவு.

அவர் வம்பை விலைக்கு வாங்கியது 1967-இல், 'சயின்ஸ்' இதழில். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் ஜனங்கள் விரும்பிய எண்ணிக்கையில் பெற்றுக்கொள்ளத்தான் உதவும், நாலு வேண்டும் என்று நினைப்பவர் நாலு பெறத்தான் செய்வார், அந்த நினைப்பு மாறப் பெண்கள் வேலைக்குப் போகணும், கல்யாண வயசு ஏறணும் என்று எழுதினார். முக்கால்வாசி சரி. ஆனால் திட்டத்தை ரொம்பவும் மட்டம் தட்டிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். போதும் என்று நினைத்த பெண்களுக்குப் பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கிடைக்காமல் இருந்திருந்தால், அந்த நினைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்? 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, நினைப்பு மாறியது, ஆபரேஷன் கிடைத்தது, ரெண்டும் சேர்ந்து வந்ததுதான் இது.

மகளிடம் 1956-இல் அவர் ஜூடித் பிளேக்கோடு எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றைத் தீர்மானிக்கும் 11 காரணிகள் அதில் இருக்கின்றன. பரீட்சைக்கு அதுதான் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.