ஆர்க்கிட் செடியில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், அதுவும் உயிரோடு இருந்த செடியை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

உங்களுடையதும் யாரோ கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்தானே? வெள்ளையிலோ கத்தரிப்பூ நிறத்திலோ, வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி? அது இரண்டு மூன்று மாதம் பூத்து நிற்கும், அப்புறம் மொத்தமாகக் கொட்டும். மொட்டைக் குச்சியும் நாலு இலையும் மிஞ்சும். அதைப் பார்த்துத்தான் என் முதல் செடியைக் குப்பையில் போட்டேன்.

இரண்டாவதைப் பாசத்தாலேயே கொன்றேன். ரோஜாவுக்குச் செய்வதுபோல செம்மண், மண்புழு உரம் எல்லாம் கலந்து நட்டேன். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களை, பார்க்க நன்றாக இல்லையே என்று கத்தரிக்கோலால் நறுக்கினேன். வீணாகிறதே என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் தினமும் ஊற்றினேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பு. கழிவில் அது இன்னும் கூடும். இலை துவண்டதும் பிடுங்கிப் பார்த்தால், ஊறவைத்து மறந்த பயறு நாற்றம். வேரைத் தொட்டேன், தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்து நூல் மட்டும் கையில் நின்றது.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி. மண்ணே வேண்டாம், வேருக்குக் காற்றுதான் வேண்டும். இதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். (நர்சரி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. நானும் தாவரவியல் படித்தவள் இல்லை, மூன்று செடி அனுபவம்தான்.)

இப்போது இருப்பது மூன்றாவது. பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான ஸ்க்ரூடிரைவரால் ஓட்டை போட்டு, அடுப்புக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு நிரப்பி வைத்திருக்கிறேன். மட்டையை நாலு நாள் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், அதிலும் உப்பு உண்டு. டப்பா உள்ளே தெரிகிறதாக இருந்தால் நல்லது. வேர் சாம்பல் நிறமாக இருந்தால் தாகம். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகும். பச்சையாக இருக்கும்வரை ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம். காலையில் ஊற்றுங்கள், நடுக்குருத்தில் தேங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் குருத்து அழுகும். உரம் என்றால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் கலந்தது), லிட்டருக்குக் கால் ஸ்பூனுக்கும் குறைவாக, மாதம் இரண்டு முறை போதும்.

வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு ஏற்ற இடம் வாசல் காரிடார்தான், கிழக்கு பார்த்தது. ஒரு மாதம் வைத்திருந்தேன். பொது இடத்தில் பூந்தொட்டி கூடாது என்று அசோசியேஷனிலிருந்து சுற்றறிக்கை. அதே காரிடாரில் நான்கு செருப்பு ஸ்டாண்டு, வீல் இல்லாத சைக்கிள், எந்த வீட்டு வாஷிங் மெஷினோ ஒன்று, எல்லாம் இருக்கிறது. அதற்கெல்லாம் சுற்றறிக்கை கிடையாது. மாதா மாதம் மெயின்டனன்ஸ் மட்டும் முதல் ஆளாகக் கட்டுகிறேன். சரி, விடுங்கள். இப்போது படுக்கையறை ஜன்னலில் இருக்கிறது.

பூக்க, சில வாரமாவது இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னையில் அதற்கு வாகான காலம் மார்கழி, தை. போன தையில் இலை இடுக்கிலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. "இன்னொரு வேர்தான்" என்றார் வீட்டுக்காரர். வேரின் நுனி உருண்டையாக மினுங்கும். இது தட்டையாக, குழந்தையின் கையுறை மாதிரி இருந்தது. பூத்தண்டுதான். சித்திரையில் ஒன்பது பூ.

உங்கள் குச்சி பச்சையாக இருந்தால் கீழிருந்து மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டுங்கள், சில சமயம் அங்கிருந்தே கிளைக்கும். காய்ந்திருந்தால் அடியோடு வெட்டலாம். வேர் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவே இல்லையே? தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.